நடந்து காத்த வழி

ஒரு வயல் யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் பத்திரத்தைக் காட்டிவிடலாம். அந்த வயலின் ஊடே செல்லும் ஒற்றையடிப் பாதை யாருக்குச் சொந்தம் என்று கேட்டால் அத்தனை எளிதில் விடை கூற இயலாது. வயலுக்கு உடையவர் ஒருவர். பாதையில் தலைமுறை தலைமுறையாக நடந்து பழகியவர்களோ பலர். இவ்விரு தரப்பாருக்கும் இடையே நியாயம் எங்கே நிற்கிறது? இந்தக் கேள்விக்கு விடை காண இங்கிலாந்து மக்களுக்கு நூறாண்டுகளுக்கு மேல் தேவைப்பட்டன. அந்த விடையைக் காலால் நடந்தே படித்துவிடக்கூடிய இடம் ஒன்று அங்கே இருக்கிறது.

அன்பு வாசகர்களே! ஒரு வசந்த கால நாள் முழுவதையும் ஒதுக்கிக்கொண்டு எம்முடன் வாருங்கள். மான்செஸ்டர், ஷெஃபீல்டு ஆகிய இரு தொழில் நகரங்களுக்கு இடையே பீக் டிஸ்ட்ரிக்ட் என்னும் மலைப்பகுதி உள்ளது. அதன் மேற்கு ஓரத்தில் ஹேஃபீல்டு என்று ஒரு சிற்றூர். அங்கிருந்து புறப்பட்டு, கிண்டர் ஸ்கவுட் என்னும் மலைமேட்டில் ஏறி, அதன் விளிம்பை ஒட்டி நடந்து, வேறு வழியாக இறங்கி, பண்ணை நிலங்களைக் கடந்து அதே ஊருக்குத் திரும்ப வேண்டும். தூரம் ஏறத்தாழ 14 கிலோமீட்டர். நின்று பார்த்து, உண்டு, இளைப்பாறிச் செல்பவருக்கு ஒரு பகல் சரியாக இருக்கும்.

ஏப்ரல் மாத இறுதியில் அங்கே காலை ஆறு மணிக்கு முன்பே விடிந்துவிடும். மஃரிபு நேரம் இரவு எட்டரை மணியை ஒட்டி வரும். ஆதலால் வெளிச்சத்துக்குக் குறைவில்லை. ஆனால் வசந்தம் என்றதும் இதமான காற்றையே எண்ணிக்கொண்டு மெல்லிய ஆடையுடன் புறப்பட்டுவிடலாகாது. கீழே வெயில் அடிக்கும் அதே வேளையில் மேலே குளிர்காற்றும் மழையும், சில ஆண்டுகளில் பனியும்கூட வரவேற்கும். மழைக்கோட்டு, கம்பளிச் சட்டை, ஈரம் புகாத காலணி, உணவு, தண்ணீர், வரைபடம், திசைகாட்டி ஆகியவை அவசியம். மூடுபனி இறங்கிவிட்டால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

கல்லுடைத்த பள்ளத்தில் ஒரு கூட்டம்

ஊரிலிருந்து சற்றுத் தூரம் நடந்ததும் பௌடன் பிரிட்ஜ் என்னும் இடம் வருகிறது. முன்னாளில் கல் வெட்டி எடுத்த பள்ளம் அது. இன்று வண்டிகள் நிறுத்தும் இடமாக இருக்கிறது. அதன் பாறைச் சுவரில் ஒரு வெண்கலப் பலகையைக் காண்பீர்கள். அங்கே சிறிது நில்லுங்கள்.

18, 19ஆம் நூற்றாண்டுகளில் இங்கிலாந்துப் பாராளுமன்றம் ஒன்றன்பின் ஒன்றாகச் சட்டங்கள் இயற்றியது. அவற்றின் வழியே ஊர்ப் பொதுநிலங்கள் தனியார் உடைமையாக அடைக்கப்பட்டன. ஆடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஏழைகள் சென்றுவந்த மேடுகளில் வேலிகள் எழுந்தன. கிண்டர் மலைமேடு செல்வந்தர்களின் வேட்டைக் காடாயிற்று. அங்கு வாழும் க்ரவுஸ் என்னும் கோழியினப் பறவையைச் சுடுவதற்கு ஆகஸ்டு 12 முதல் டிசம்பர் 10 வரை பருவம். வேட்டை நடப்பதோ அதில் சில நாட்கள் மட்டுமே. ஆனால் ஆண்டு முழுவதும் காவலர்கள் நின்று மக்களை விரட்டினர்.

மலையின் இரு பக்கமும் இருந்தவை ஆலை நகரங்கள். வாரம் முழுதும் புகையிலும் இரைச்சலிலும் உழைத்த தொழிலாளிக்கு, ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள் தூய காற்றைச் சுவாசிக்கக் கண்ணெதிரே மலை இருந்தது. காலெடுத்து வைக்கத்தான் உரிமை இல்லை.

1932 ஏப்ரல் 24ஆம் நாள் சுமார் நானூறு பேர் இந்தப் பள்ளத்தில் கூடினர். அவர்களிடையே பேசியவர் பென்னி ராத்மன் என்னும் மான்செஸ்டர் தொழிலாளி. வயது இருபது. கூட்டம் பாதையை விட்டு விலகித் தடுக்கப்பட்ட மேட்டில் ஏறியது. வேட்டைக் காவலர்களுடன் கைகலப்பு நேர்ந்தது. ஊர் திரும்பியதும் கைதுகள் நடந்தன. பிறர் நிலத்தில் நுழைவது அக்காலச் சட்டப்படி சிறைத் தண்டனைக்குரிய குற்றம் அன்று. எனவே கலகம் செய்யும் நோக்குடன் கூடியதாக வழக்குத் தொடர்ந்தனர். ஐந்து இளைஞர்களுக்கு இரண்டு முதல் ஆறு மாதம் வரை சிறை கிடைத்தது. ராத்மனுக்கு நான்கு மாதம்.

நடைச் சங்கத்தார் எல்லோரும் அன்று இவர்களை ஆதரிக்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். பேச்சுவார்த்தை மூலம் மெல்ல மெல்லச் சலுகை பெற்றுவந்த பலர், இந்தச் செயல் காரியத்தைக் கெடுத்துவிடும் என்று அஞ்சினர். ஆனால் தீர்ப்பின் கடுமை நாட்டு மக்களின் மனத்தை உலுக்கியது. சில கிலோமீட்டர் நடந்ததற்கா சிறை என்று கேட்காதவர் குறைவு.

பொறுமை திறந்த பாதை

பள்ளத்தை விட்டு மேலே நடந்தால் கிண்டர் நீர்த்தேக்கம் தெரியும். ஸ்டாக்போர்ட் நகரின் குடிநீருக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டப்பட்டது. அதன் கரைக்கு மேலாகச் சென்று வில்லியம் கிளஃப் என்னும் ஓடைப் பள்ளத்தாக்கில் நுழைகின்றோம். ஓடையை இப்பக்கமும் அப்பக்கமுமாகப் பலமுறை தாண்டி ஏற வேண்டும். பாசி படிந்த கற்கள் வழுக்கும், நிதானம் தேவை.

இந்தப் பாதைக்கும் ஒரு வரலாறு உண்டு. 1894இல் தொடங்கப்பட்ட பாதைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று, நில உடைமையாளர்களுடன் வாதாடி 1897இல் இதைப் பொதுவழியாகத் திறக்கச் செய்தது. ஆக, நீங்கள் நடக்கும் வழி பொறுமையினால் திறந்தது; 1932இல் மக்கள் விலகி ஏறிய சரிவு துணிவினால் திறந்தது. இரண்டில் எது பெரிது என்று வழக்காட வேண்டியதில்லை. ஒன்றில்லாமல் மற்றொன்று நிறைவு பெற்றிருக்காது.

1949இல் தேசியப் பூங்காக்களுக்கான சட்டம் வந்தது. 1951இல் பிரிட்டனின் முதல் தேசியப் பூங்காவாக பீக் டிஸ்ட்ரிக்ட் அறிவிக்கப்பட்டது. 1965 ஏப்ரல் 24 அன்று, முதல் கைதுகள் நடந்த அதே தேதியில், பென்னைன் வே என்னும் சுமார் 430 கிலோமீட்டர் நெடும்பாதை திறக்கப்பட்டது. 1982இல் கிண்டர் மேடு நேஷனல் டிரஸ்ட் என்னும் பொது அறநிறுவனத்தின் உடைமையாயிற்று. 2000ஆம் ஆண்டுச் சட்டமோ, வரைபடத்தில் குறிக்கப்பட்ட மலை, மேட்டுநிலம், பொதுநிலம் ஆகியவற்றில் பாதையை விட்டு விலகியும் நடக்க மக்களுக்கு உரிமை அளித்தது.

2002ஆம் ஆண்டு, எழுபதாம் நினைவு நாளில், டெவன்ஷர் கோமகன் இதே ஹேஃபீல்டுக்கு வந்தார். அன்றைய நில உடைமையாளருள் ஒருவரான தம் பாட்டனாரின் செயலுக்காக எல்லோர் முன்னிலையிலும் வருத்தம் தெரிவித்தார். அதைக் கேட்க ராத்மன் உயிரோடு இல்லை. அதே ஆண்டு ஜனவரியில் அவர் காலமாகிவிட்டார்.

மூர் என்னும் மேட்டுநிலம்

பள்ளத்தாக்கின் தலைப்பில் ஏறியதும் வானம் விரிகிறது. மரமில்லை, வீடில்லை. கண்ணுக்கு எட்டியவரை பழுப்பு நிறம். இத்தகைய நிலத்தை ஆங்கிலத்தில் 'மூர்' என்பர். ஸ்பெயினை ஆண்ட முஸ்லிம்களைக் குறிக்கும் 'மூர்' என்ற சொல்லுக்கும் இதற்கும் உறவில்லை. ஒலி ஒற்றுமை மட்டுமே. ஹெதர் என்னும் குறுஞ்செடி ஆகஸ்டு மாதம் இந்த மேட்டைச் செவ்வூதா நிறமாக்கும். ஏப்ரலில் அது இன்னும் உறக்கத்தில் இருக்கும். ஆயினும் உற்றுப் பார்த்தால் வசந்தம் தெரியும். பில்பெரிச் செடிகள் இளந்தளிர் விட்டிருக்கும். மலைமுயல்கள் குளிர்கால வெண்மையைக் களைந்து பழுப்பு நிறத்துக்கு மாறிக்கொண்டிருக்கும்.

காலுக்கடியில் பாருங்கள். கருமையாய், பஞ்சுபோல் அமுங்கும் இந்த மண்ணைப் 'பீட்' என்பர். நீர் தேங்கிய இடத்தில் ஸ்பாக்னம் என்னும் பாசி வளர்ந்து, மடிந்து, முழுதும் மக்காமல் அடுக்கடுக்காய்ப் படிந்து உருவானது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் வளரும். ஒரு மீட்டர் ஆழத்துக்கு ஆயிரம் ஆண்டுகள் என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்!

அந்தச் செல்வத்தை மனிதன் இரு நூற்றாண்டுகளில் குலைத்தான். ஆலைப் புகையின் அமிலம் பாசியைக் கொன்றது. காட்டுத் தீ, ஆடுகளின் அளவற்ற மேய்ச்சல், நடப்போரின் காலடி ஆகியவையும் சேர்ந்துகொண்டன. போர்வை இழந்த மண்ணை மழை அரித்து ஆள் உயரப் பள்ளங்களாக்கியது. 2003 முதல் இங்கே பெரும் சீரமைப்பு நடந்து வருகிறது. அரிப்புப் பள்ளங்களில் சிறு அணைகள் கட்டி, புல் விதைத்து, ஸ்பாக்னம் பாசியைக் கையால் நட்டு வருகின்றனர். சதுப்பில் கால் புதையாதிருக்க நீண்ட தூரம் கற்பலகைகள் பதித்துள்ளனர். அவற்றுள் பல, இடிக்கப்பட்ட பழைய பஞ்சாலைகளின் தளக்கற்கள். எந்த ஆலைகளின் புகை இந்த மண்ணைக் கெடுத்ததோ, அவற்றின் கல்லே இன்று அதைக் காக்கிறது!

மேட்டின் விளிம்பில் தெற்கு நோக்கி நடந்தால் கிண்டர் டவுன்ஃபால் அருவியை அடைகின்றோம். உயரம் சுமார் 30 மீட்டர். மேற்குக் காற்று பலமாக வீசும் நாளில் விழும் நீர் கீழே போகாமல் மேல்நோக்கிச் சிதறும். புகைமேகம் எழுவதுபோன்ற அக்காட்சி நெடுந்தொலைவுக்குத் தெரியும். பகல் உணவுக்கு ஏற்ற இடம். ஆனால் அடுப்பு மூட்டுவது கூடவே கூடாது. வசந்தத்தில் சென்ற ஆண்டின் புல் சருகாய்க் காய்ந்திருக்கும். ஒரு பொறி போதும். 2018 ஜூனில் சற்று வடக்கேயுள்ள சாடில்வொர்த் மேட்டில் பற்றிய தீயை அணைக்க இராணுவமே வரவேண்டியதாயிற்று.

பண்ணை வழியே இறக்கம்

அருவியிலிருந்து 633 மீட்டர் உயரமுள்ள கிண்டர் லோவைக் கடந்து, எடேல் கிராஸ் என்னும் பழங்காலக் கற்சிலுவை நிற்கும் கணவாயை அடைந்தால், இனி இறக்கம்தான். பழுப்பு நிறம் கீழே பச்சையாகிறது. சாந்து பூசாமல் கல்லைக் கல்லோடு பொருத்தி அடுக்கிய சுவர்கள் சரிவெங்கும் கோடிடுகின்றன.

இது செம்மறிகள் ஈனும் பருவம். தாயாட்டின் விலாவில் வண்ணத்தால் ஓர் எண் எழுதியிருப்பார்கள். அதன் குட்டிகளுக்கும் அதே எண். எந்தக் குட்டி எந்தத் தாயைத் தேடுகிறது என்பதை உழவர் தூரத்திலிருந்தே அறிந்துகொள்வார். வயலின் மேலே நீண்டு வளைந்த அலகுடைய கர்லூப் பறவை குழைந்து குழைந்து கூவிச் செல்லும். இதே இனப் பறவைகளைக் குளிர்காலத்தில் நம் கோடியக்கரையிலும் காணலாம். அங்கே இது தரையில் முட்டையிடும் பறவை. கவனியாது வைத்த ஒரு காலடி ஒரு குடும்பத்தையே அழித்துவிடும்.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை கிடைக்கிறது. இந்த வயல் உழவருடையது. புல் அவருடையது, ஆடும் அவருடையது. ஆனால் வயலின் ஊடே செல்லும் பொதுவழி மக்களுடையது. அதை அவர் அடைக்கக்கூடாது. உழுதாலும் மீண்டும் சரிசெய்து தர வேண்டும். நடப்பவருக்கும் கடமை உண்டு. திறந்திருந்த கதவைத் திறந்தபடியும், மூடியிருந்த கதவை மூடியும் செல்ல வேண்டும். சுவரின் மேலேறிக் கல்லைச் சரிக்காமல், அதற்கென அமைத்த ஏறுபடியில் ஏறி இறங்க வேண்டும். நாயை விட்டு ஆட்டை விரட்டலாகாது. மேட்டுநிலத்தில் மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் குறுங்கயிற்றில் பிடித்தே செல்ல வேண்டும் என்பது சட்டம். கொண்டுவந்த குப்பையைக் கொண்டுசெல்ல வேண்டும்.

சட்டம் கதவைத் திறந்துவிடும். உள்ளத்தை எல்லாம் திறந்துவிடுவதில்லை. 2021 டிசம்பர் 25 அன்று 'முஸ்லிம் ஹைக்கர்ஸ்' என்னும் குழுவினர் நூற்றுக்கும் மேற்பட்டோர் இந்த பீக் டிஸ்ட்ரிக்டில் மலைநடை சென்றனர். அப்படங்கள் வெளியானதும் இணையத்தில் சிலர் அவர்களை இழித்தும் பழித்தும் எழுதினர். இவர்களுக்கு இங்கே என்ன வேலை என்பதே அவ்வசைகளின் சாரம். 1932இல் ஆலைத் தொழிலாளியிடம் கேட்கப்பட்ட கேள்வியும் அதுதான்! குழுவினர் சினந்து சண்டைக்குப் போகவில்லை. நடையை நிறுத்தவும் இல்லை. தொடர்ந்து நடந்தனர். அதைவிட நல்ல பதில் வேறென்ன இருக்க முடியும்?

உரிமை என்பது ஒருமுறை பெற்றுப் பெட்டியில் பூட்டி வைக்கும் பொருளன்று. நடப்பார் இல்லாத பாதையை முட்செடி மூடிவிடும். பொறுப்பின்றி நடக்கும் பாதையோ பகையை வளர்த்து, மீண்டும் வேலிக்கு வழிகோலும். ஆகவே, நடந்தும் காக்க வேண்டும்; நடக்கும் முறையாலும் காக்க வேண்டும். முன்னோர் சிறை சென்று பெற்றுத் தந்த வழி, பின்வரும் பிள்ளைகளுக்காக நம் கையில் ஒப்படைக்கப்பட்ட அமானிதம்.

மாலை வெயில் சுவர்களின் நிழலை நீட்டும் வேளையில் கடைசி வயலின் கதவு வரும். அந்தப் பக்கம் ஊர். இந்தப் பக்கம் குட்டிகளோடு தாயாடுகள். கடந்து வந்ததும் திரும்பி நின்று, தாழ்ப்பாள் சரியாக விழுந்ததா என்று ஒருமுறை கையால் அசைத்துப் பாருங்கள்.