பழைய டிவி கேம் வாங்கலாமா?

கூடலூரில் தெரிந்தவர் ஒருவர், பரணில் பழைய டிவி கேம் கிடக்கிறது, வேணுமா என்றார். மஞ்சள் கேசட், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி. ரெண்டு நாள் டைம் கேட்டேன்.

90-களில் நம்ம ஊர்க் கடைகளில் விற்ற பல பெட்டிகள், 1983-ல் ஜப்பானில் நிண்டெண்டோ வெளியிட்ட ஃபேமிகாமின் நகல்கள். கேசட்டில் 60 பின் இருந்தால் அந்த வம்சம். அமெரிக்காவில் வந்த என்.இ.எஸ். என்றால் 72. நகல்களில் பெரும்பாலும் சிப்பு ஒரு கறுப்புக் குமிழுக்குள் மூடியிருக்கும். அது போனால் ரிப்பேர் கிடையாது.

அடுத்து துப்பாக்கி. விசையை அழுத்தினதும் திரை கண நேரம் கறுத்து, வாத்து இருந்த இடம் மட்டும் வெள்ளைக் கட்டமாகும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஒளி உணரி அந்த வெளிச்சத்தைத் தேடும். எல்சிடி டிவி படத்தைச் சற்றுத் தாமதமாகக் காட்டுவதால் குறி தப்பிவிடும். பழைய பிக்சர் டியூப் டிவி வேணும். எங்களுடையது எப்பவோ காயலான் கடைக்குப் போயாச்சு.

அப்புறம் ஸ்ரீமதுரை மழை. தென்மேற்குப் பருவத்தில் அலமாரித் துணியே பூஞ்சை பிடிக்கும். கேசட் முனையில் களிம்பு ஏறாதா? சின்ன வயசில் ஊதி ஊதிப் போட்டோமே, அது தப்பு. மூச்சின் ஈரம் களிம்பைத்தான் கூட்டும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்கணும்.

சும்மா விளையாட மட்டும் என்றால் போனில் ஒரு எமுலேட்டர் போதும். ஆனால் டிசம்பரில் அண்ணன் வருகிறார். கான்ட்ராவில் எப்போதும் அவர்தான் முதல் ஆள். அதனால் ஒரே ஒரு சோதனை: ரெண்டாவது ஜாய்ஸ்டிக் வேலை செய்தால் வாங்கிடுவேன்.