மூன்று எல்லைகளும் நம் பக்கத்தில்தான்

பினாங்குக் கடற்கரையில் நடந்துகொண்டிருந்தோம். கம்பத்தில் இருந்த ஒலிபெருக்கியைக் காட்டி, “அது எதுக்குப்பா?” என்று கேட்டாள் மகள். சுனாமி எச்சரிக்கைக்கு என்றேன். “நம்ம பக்கம்தான் பெரிய நிலநடுக்கமே வராதே!” என்றாள்.

அவள் சொன்னது பாதி சரி. பூமியின் மேலோடு பல தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. இரு தட்டுகள் சந்திக்கும் எல்லையில் அவை மோதும், விலகும் அல்லது உரசிக்கொண்டு நகரும். தீபகற்ப மலேசியாவும் சிங்கப்பூரும் சுண்டா தட்டின் உட்பகுதியில் இருக்கின்றன. அதனால்தான் இங்கே அமைதி. ஆனால், மூவகை எல்லைகளும் நமக்கு அருகிலேயே இருக்கின்றன.

முதலாவது, சுமத்ராவின் மேற்குக் கடலடியில். அங்கே இந்திய, ஆஸ்திரேலியத் தட்டுகள் ஆண்டுக்குச் சில சென்டிமீட்டர் வீதம் சுண்டா தட்டின் அடியில் நுழைகின்றன. உள்ளே போகும் தட்டிலிருந்து வெளியேறும் நீர், மேலுள்ள சூடான பாறையை உருகச் செய்கிறது. சுமத்ராவின் எரிமலைகள் அப்படித்தான் உருவாயின. சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் வெடித்த எரிமலையின் பள்ளம்தான் இன்றைய தோபா ஏரி.

இரண்டாவது, சுமத்ராவின் நீளவாக்கில் சுமார் 1,900 கிலோமீட்டர் ஓடும் பிளவு. இங்கே நிலம் பக்கவாட்டில் உரசி நகர்கிறது. 2007 மார்ச் 6 அன்று இது அதிர்ந்தபோது சிங்கப்பூரில் அடுக்குமாடிகள் ஆடின.

மூன்றாவது, அந்தமான் கடலடியில். அங்கே தட்டுகள் விலக, இடைவெளியில் பாறைக்குழம்பு மேலெழுந்து இறுகிப் புதிய கடல்தரையாகிறது.

இம்மூன்றில் அதிகம் அஞ்ச வேண்டியது முதலாவது. அடியில் நுழையும் தட்டு சிக்கிக்கொண்டு, மேல்தட்டின் விளிம்பையும் சேர்த்து இழுக்கும். பிடி விடும்போது அந்த விளிம்பு துள்ளி எழுந்து கடலையே தூக்கிவிடும். 2004 டிசம்பர் 26 காலை 9 மணிக்குச் சற்று முன் அதுதான் நடந்தது. நிலநடுக்கத்தின் அளவு 9.1. அலை பினாங்கைத் தொட்டது பிற்பகல் 1 மணிக்குப் பிறகு. நான்கு மணி நேரம் கையில் இருந்தும் சொல்வாரில்லை. இந்தியப் பெருங்கடலுக்கு அன்று எச்சரிக்கை அமைப்பே கிடையாது. மலேசியாவில் 68 பேர் இறந்தனர், பெரும்பாலோர் பினாங்கில்.

இதையெல்லாம் மகளுக்குச் சொல்லிவிட்டு, மூன்று விஷயங்களை மனத்தில் வைக்கச் சொன்னேன். கடல் திடீரென உள்வாங்கினால் வேடிக்கை பார்க்காமல் மேட்டுக்கு ஓடு. முதல் அலையோடு முடிந்தது என்று திரும்பி வராதே. நம் காலடியில் நிலம் ஆடாவிட்டாலும், ஒலிபெருக்கி அலறினால் நம்பு.