விளையாட்டு வண்டியும் விழிப்பும்

கோடை விடுமுறையில் மணாலியை அடுத்த சோலங் பள்ளத்தாக்குக்குச் செல்லும் நம் குடும்பத்தார், அங்கு வாடகைக்குக் கிடைக்கும் நான்கு சக்கர ஏ.டி.வி. வண்டிகளைக் கண்டு ஆசை கொள்வது இயல்பே. ஆயினும் அதன் தன்மையை அறிந்து ஏறுவது நலம்.

குதிரைமீது அமர்வதுபோல் அமர்ந்து ஓட்டும் இவ்வண்டியின் கனம் உயரத்தில் நிற்கிறது; அகலமோ குறைவு. ஆதலின் சரிவில் குறுக்கே செலுத்தினாலும் வேகமாகத் திருப்பினாலும் கவிழ்ந்து, ஓட்டியவர்மீதே விழக்கூடும். இதனினும் எளிதில் புரண்ட மூன்று சக்கர வகையின் விற்பனை அமெரிக்காவில் 1988ஆம் ஆண்டு நிறுத்தப்பட்டது.

ஒருவருக்கான வண்டியில் குழந்தையை முன்னே அமர்த்திக்கொள்வது பெரும்பிழை. ஓட்டுபவர் ஏற்றத்தில் முன்சாய்ந்தும் இறக்கத்தில் பின்சாய்ந்தும் சமநிலை காக்க வேண்டும். மற்றொருவர் இருப்பின் அது இயலாது. 16 வயது நிரம்பாதோர் பெரியவர்களின் வண்டியை ஓட்டலாகாது. தலைக்கவசம் அணிதல் வேண்டும். பாதங்கள் மிதிபடியை விட்டு அகலலாகாது. மண்தரைக்கென அமைந்த காற்றழுத்தம் குறைந்த டயர்கள் தார்ச்சாலையில் கட்டுக்கு அடங்கா. அங்கே செல்லாதிருப்பதே நன்று.

குழந்தை அடம்பிடித்து அழலாம். அக்கண்ணீர் சற்று நேரத்தில் உலர்ந்துவிடும். உற்றார் அருகில்லாத ஊரில் நேரும் விபத்தின் துயரமோ எளிதில் ஆறாது.