மூன்று நிறப் பூனையும் ஒரு கரும்பொட்டும்

மூன்று நிறப் பூனைகள் எல்லாம் ஏன் பெட்டையாகவே இருக்கின்றன என்று சாவகச்சேரி வாசகர் ஒருவர் கேட்டு எழுதியிருக்கிறார். விடை சுருக்கமானது. செம்மஞ்சளா கறுப்பா என்பதைத் தீர்மானிக்கும் பரம்பரையலகு எக்ஸ் நிறமூர்த்தத்தில் இருக்கிறது. பெட்டைக்கு எக்ஸ் இரண்டு. முளையப் பருவத்திலேயே ஒவ்வொரு கலமும் அவற்றில் ஒன்றை முடக்கிவிடும். எதை என்பது குருட்டுவாக்கு. 1961இல் மேரி லயன் சொன்னது இது. அதனால்தான் தோலில் திட்டுத் திட்டாக இரு நிறம். வெள்ளை வேறொரு பரம்பரையலகின் வேலை. அபூர்வமாகக் கடுவன் ஒன்று அப்படிப் பிறந்தால், அதற்குப் பெரும்பாலும் எக்ஸ் இரண்டும் வை ஒன்றும் இருக்கும்.

எனக்குப் பிடித்தது, முடக்கப்பட்ட எக்ஸ் போய் ஒதுங்கும் இடம். விடிந்ததும் எங்கள் வீட்டில் ஓலைப்பாயைச் சுருட்டிச் சுவரோரம் சார்த்திவிடுவார்கள். பாய் வீட்டில்தான் இருக்கும், ஆனால் படுக்க உதவாது. இந்த எக்ஸும் அப்படித்தான் இறுகச் சுருண்டு, சாயமேற்றினால் கரும்பொட்டாகத் தெரியும்.

அதை முதலில் கண்டது மூளையில்தான். நம்மவர் பலர் இன்று வாழும் ஒன்ராறியோவில், லண்டன் நகரில், மரே பாரும் அவருடைய மாணவர் பேர்ட்ரமும் பூனையின் நாக்கை அசைக்கும் நரம்புக்கலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார்கள். அவர்கள் தேடியது, நரம்பு கடுமையாக உழைத்தால் கலத்துக்குள் என்ன மாறும் என்பதை. கிடைத்ததோ, பெட்டைகளில் மட்டும் தெரிந்த ஒரு பொட்டு. 1949இல் அதை வெளியிட்டார்கள்.

மற்றக் கலங்கள் பலவற்றில் அந்தப் பொட்டு கருவின் உறையோடு ஒட்டிக் கிடக்கும். பூனையின் நரம்புக்கலத்திலோ நடுவே புன்கருவை அண்டியிருந்தது. போதாததற்கு, நரம்பை மின்னால் தூண்டி வேலை வாங்கிய பின், புன்கருவை விட்டு நகரவும் செய்தது! ஒரே டீ.என்.ஏ.தான், அதை எங்கே ஒதுக்கி வைப்பது என்பதில் நரம்புக்கலத்துக்கு ஒரு வழக்கம், தோற்கலத்துக்கு இன்னொன்று. சாதாரண ஒளி நுணுக்குக்காட்டியும் சாயமும் காட்டிக்கொடுத்த சங்கதி இது. நம் பாடசாலை ஆய்வுகூடங்களில் நுணுக்குக்காட்டிகள் அலுமாரிக்குள் தூசு பிடித்துக் கிடப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது.

அதைவிடக் கொடுமை, இந்தப் பொட்டை விளையாட்டு அதிகாரிகள் பயன்படுத்திய விதம். 1968 மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் வீராங்கனைகளின் கன்னத்து உட்புறத்தைச் சுரண்டி, பொட்டு இருக்கிறதா என்று பார்த்தார்கள். எக்ஸ் ஒன்றும் வை ஒன்றுமாகப் பிறந்து பெண்ணாகவே வளர்ந்தவர்கள் உண்டு. அவர்களிடம் பொட்டு இராது. சோதனை முறைகள் பின்னர் மாறின, சந்தேகம் மாறவில்லை. 2006இல் டோஹா ஆசிய விளையாட்டுப் போட்டியில் 800 மீற்றர் ஓடி வெள்ளி வென்ற புதுக்கோட்டைச் சாந்தியிடமிருந்து பதக்கத்தைப் பறித்ததும் ஒரு பாலினச் சோதனையைக் காட்டித்தான்.