பல்லில் படியும் பாசி

பழவேற்காடு ஏரியில் படகு சில நாள் தண்ணீரிலேயே கிடந்தால் அடியில் வழவழவென்று பாசி பிடித்துவிடும். சுரண்டித்தான் எடுக்க வேண்டும். நம் பல்லிலும் தினமும் இப்படி ஒரு பாசி படிகிறது. காலையில் எழுந்ததும் நாக்கால் தடவிப் பாருங்கள், தெரியும்.

அதில் உயிர் இருப்பதை முதலில் கண்டவர் லேவன்ஹூக் என்ற டச்சுக்காரர். பழவேற்காட்டில் 1613-ல் கோட்டை கட்டித் துணி வியாபாரம் செய்தார்களே, அதே டச்சுக்காரர்கள் நாட்டவர். இவரும் துணிக்கடை வைத்திருந்தவர்தான்! 1683-ல் தம் பல்லிடுக்கு அழுக்கைத் தாமே செய்த பூதக்கண்ணாடியில் பார்த்தார். நெளிந்து ஓடும் நுண்ணுயிர்கள்! இத்தனைக்கும் தினமும் உப்புப் போட்டுத் தேய்ப்பவர்.

நாம் தின்னும் சர்க்கரையை அவை தின்று அமிலத்தைக் கக்குகின்றன. அது எனாமலை அரிக்கிறது. துலக்காமல் விட்ட பாசி, எச்சிலிலுள்ள சுண்ணாம்புச் சத்தால் காரையாக இறுகும். அப்புறம் பிரஷ்ஷுக்கு மசியாது, பல் டாக்டர்தான் எடுக்க வேண்டும். ஈறில் ரத்தம் கசிகிறதே என்று துலக்குவதை நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் கசிவதே இந்தப் பாசியால்தான்.

"பால் பல்லுதானே, விழுந்து முளைச்சிடும்" என்கிறோம். கடைவாய்ப் பால் பற்கள் 10, 12 வயது வரை இருந்தாக வேண்டும், அம்மா! சர்க்கரை போட்ட பால் புட்டியை வாயில் வைத்தபடியே குழந்தையைத் தூங்கவிட்டால் மேல் முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும். முதல் பல் முளைத்ததுமே அரிசியளவு ஃப்ளூரைடு பேஸ்ட் தொட்டு நீங்களே துலக்கிவிடுங்கள். சாம்பலும் செங்கல் தூளும் வேண்டாம், எனாமல் தேயும். இரவில் துலக்கிய பிறகு தண்ணீர் மட்டும்தான். தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவு. பாசிக்கு அதுதான் கொண்டாட்டம்.