நோகாமல் வரும் நோய்: சலரோகமும் சிறுநீரகமும்

பல்லில் வலி எடுத்தால் விடியுமுன்னரே வைத்தியரைத் தேடுகிறோம். காலில் முள் தைத்தால் நின்ற இடத்திலேயே குனிந்து அதனை எடுத்து எறிகிறோம். நோவு என்பது துன்பமே ஆயினும், அது உடல் நமக்கு அடிக்கும் தந்தியும் ஆகும். ஆனால், எல்லா உறுப்புக்களும் தந்தி அடிப்பதில்லை. சிறுநீரகம் அத்தகைய வாய்பேசா உறுப்பு. தன் தொழிலிற் பாதியை இழந்த பின்னரும் அது முறையிடாது. கால் வீங்கி, பசி குன்றி, மூச்சு முட்டும்போதுதான் பலர் அதனை நினைக்கின்றனர். அப்பொழுது காலம் பெரும்பாலும் கடந்துவிடுகின்றது.

இந்த வாய்பேசா உறுப்பைப் பேச வைக்கும் எளிய வழி ஒன்று உண்டு. அதற்கு வேண்டியது ஒரு சிறு போத்தற் சிறுநீரே. சலரோகம் உள்ள ஒவ்வொருவரும், நோவு இருப்பினும் இல்லாவிடினும், ஆண்டுக்கொரு முறை அச்சோதனையைச் செய்வித்துக்கொள்ளல் வேண்டும். அஃது ஏன் என்பதை இங்கே பார்ப்போம்.

பத்துப் பேரில் ஒருவர்

சலரோகம், நீரிழிவு, மதுமேகம், சீனி வியாதி என்று பல பெயர்களால் நாம் அழைப்பது ஒரே நோயைத்தான். 2005, 2006 ஆகிய ஆண்டுகளில் இலங்கையில் நடத்தப்பட்ட பெரும் ஆய்வொன்றில், 20 வயதுக்கு மேற்பட்டோருள் 10.3 வீதத்தினருக்கு இந்நோய் இருப்பது தெரியவந்தது. அவர்களுள் மூவரில் ஒருவருக்கு மேற்பட்டோர், தமக்கு அந்நோய் உண்டென்பதையே அதுவரை அறியாதிருந்தனர்.

சலரோகம் உடையோருள் ஏறத்தாழ மூவரில் ஒருவருக்குக் காலப்போக்கிற் சிறுநீரகம் பழுதடைகின்றது. உலகெங்கும் சிறுநீரகம் முற்றாகச் செயலிழப்பதற்கு முதன்மையான காரணம் இந்நோயே. ஆயினும், நம் வீடுகளிற் பேசப்படுவது ‘சீனி எத்தனை?’ என்ற ஒரு கணக்கு மட்டுமே. ‘சிறுநீரகம் எப்படி?’ என்று கேட்போர் சிலரே.

மாத்தளையில் இரு நோய்கள்

மாத்தளை மாவட்டத்தில் வாழ்வோருக்கு இக்கேள்வி இன்னும் முக்கியமானது. இம்மாவட்டம் இரு வேறு நிலங்கள் சந்திக்கும் இடம். தெற்கே உக்குவளை, இறத்தோட்டை, எல்கடுவைப் பக்கங்களில் மலையும் மழையும் தேயிலையும் வாசனைப் பயிர்களும் உள்ளன. கண்டி யாழ்ப்பாணப் பெருந்தெருவில் வடக்கு நோக்கி நாலந்தை, நாவுலையைக் கடந்து தம்புள்ளையை அடையும்போது வரண்ட வலயத்தின் வெயில் முகத்தில் அடிக்கும். கிழக்கே, நக்கிள்ஸ் மலைத்தொடருக்கு அப்பால், மகாவலிப் பக்கமாக வில்கமுவ உள்ளது.

1990களில் வட மத்திய மாகாணத்து விவசாயிகளிடையே காரணம் தெரியாத சிறுநீரக நோயொன்று வைத்தியர்களின் கவனத்துக்கு வந்தது. வில்கமுவவும் அந்நோய் காணப்படும் பகுதிகளுள் ஒன்று. நீரிலுள்ள புளோரைட்டு, நீரின் கடினத்தன்மை, விவசாய இரசாயனங்கள், வெயிலில் உடல் வரண்டு உழைத்தல் எனப் பல காரணங்கள் ஆராயப்பட்டுள்ளன. முடிந்த முடிபு இன்னும் எட்டப்படவில்லை.

இதனால் விளைந்த தவறான எண்ணம் ஒன்றுண்டு. ‘சிறுநீரக நோய் என்றால் அது கிணற்று நீரால் வருவது, வயற்காட்டாருக்கு வருவது, நாம் மலையில் ஊற்றுநீர் குடிக்கிறோம், நமக்கு ஏன் வரும்?’ என்று சலரோகம் உள்ள பலர் அமைதி கொள்கின்றனர். இஃது ஆபத்தான அமைதி. காரணம் தெரியாத நோயைப் பற்றி ஊரெல்லாம் பேசுகிறது; காரணம் தெரிந்த நோயோ நம் வீட்டுத் திண்ணையிலேயே அமர்ந்திருக்கிறது. சலரோகமும் உயர் குருதி அமுக்கமும் மலைநாடு, சமவெளி என்று பார்த்து வருவனவல்ல.

சிறுநீரைப் படித்தவர்கள்

சிறுநீரைப் பார்த்து நோயறியும் வழக்கம் நமக்குப் புதியதன்று. சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி முறைகள் உண்டு. விடியற்காலைச் சிறுநீரை ஒரு கலத்தில் எடுத்து, நல்லெண்ணெய் ஒரு துளி விட்டு, அது பாம்பென நெளிகிறதா, மோதிரமென வளைகிறதா, முத்தென நிற்கிறதா என்று பார்த்து வாத பித்த கபங்களைக் கணித்தனர். சலரோகியின் சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைப் பண்டை ஆயுர்வேதத்தாரும் அறிந்திருந்தனர். ஆங்கிலேய வைத்தியர் மத்தியூ டொப்சன் என்பவர், அவ்வினிப்புக்குக் காரணம் சீனியே என்பதை 1776இல் வெளியிட்டார்.

சீனியைக் கண்டபின் புரதத்தைக் கண்டனர். 1827இல் லண்டன் கைஸ் மருத்துவமனையைச் சேர்ந்த றிச்சட் பிறைற் என்பவர், உடல் வீங்கிய நோயாளரின் சிறுநீரைக் கரண்டியில் எடுத்து மெழுகுவர்த்திச் சுடரிற் காய்ச்சினார். முட்டையின் வெண்கரு இறுகுவது போல அது இறுகியது. குருதியில் இருக்கவேண்டிய அல்புமின் என்னும் புரதம் சிறுநீரில் ஒழுகியிருந்தது. அந்நோயாளர் இறந்தபின் அவர்தம் சிறுநீரகங்களை ஆராய்ந்து, இரண்டுக்கும் உள்ள தொடர்பை அவர் நிறுவினார்.

எனினும், கரண்டியில் இறுகுமளவுக்குப் புரதம் ஒழுகும்போது நோய் முற்றியிருக்கும். அதற்கு முன்னரே, மிகச் சிறிய அளவில் ஒழுகும்போதே கண்டறிய இயலுமா? அதே கைஸ் மருத்துவமனையில் ஹரி கீன் என்பவரும் அவருடைய துணைவரும் 1963இல் அத்தகைய நுண்ணிய முறையொன்றை வெளியிட்டனர். அச்சிறு ஒழுக்கு உள்ள சலரோகிகளுக்கே பிற்காலத்திற் பெருநோய் மிகுதியாக வருகின்றது என்பதை 1982இல் லண்டனில் வைபெர்ட்டியும், 1984இல் டென்மார்க்கில் மொகன்சனும் தத்தம் ஆய்வுகளாற் காட்டினர். இன்று நாம் பேசும் சோதனை பிறந்த கதை இதுவே.

வடி ஓட்டையாகும் விதம்

நம் சிறுநீரகம் ஒவ்வொன்றிலும் ஏறத்தாழ 10 இலட்சம் சிறுநீரகத்திகள் உள்ளன. ஒவ்வொன்றின் தலையிலும் மயிர்த்துளைக் குழாய்களாலான சிறு பந்து ஒன்றுண்டு. அதனைக் கலன்கோளம் என மாணவர் படித்திருப்பர். இதுவே வடி. இரு சிறுநீரகங்களும் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 லீற்றர் நீரை வடிக்கின்றன. அதில் ஒன்று இரண்டு லீற்றர் தவிர ஏனையது குருதிக்கே மீள்கின்றது. தேயிலைச் சாயம் இறங்கித் தூள் வடியில் நிற்பது போல, கழிவு கீழிறங்கிப் புரதம் குருதியிலேயே நிற்றல் வேண்டும்.

குருதியிற் சீனி மிகுந்தால் இவ்வடிகளில் அமுக்கம் கூடுகின்றது. அவை அளவுக்கு மீறி உழைக்கின்றன. காலம் செல்லச் செல்ல அவற்றின் சவ்வு தடித்துச் சிதைய, அல்புமின் சிறிது சிறிதாக ஒழுகுகின்றது. பின்னர் வடிகள் தழும்பேறி ஒவ்வொன்றாக மூடிக்கொள்கின்றன. மூடிய வடி மீண்டும் திறப்பதில்லை. ஆனால், ஒழுகத் தொடங்கிய நிலையிற் கண்டுகொண்டால், அந்த ஒழுக்கைக் குறைக்கவும், சில வேளைகளில் நிறுத்தவும் இயலும். இச்சோதனையின் பயன் முழுவதும் இவ்விடத்தில்தான் உள்ளது.

‘இல்லை’ என்ற விடை போதாது

‘எனக்குச் சிறுநீர் பார்த்தார்கள், புரதம் இல்லை என்று எழுதியிருக்கிறார்கள்’ என்று சிலர் கூறக்கூடும். சாதாரணச் சோதனைத் தாள், பொதுவாக நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 மில்லிகிராம் அல்புமினுக்கு மேல் ஒழுகிய பின்னரே தெளிவாக நிறம் மாறும். ஆரம்ப ஒழுக்கு அதற்குத் தப்பிவிடும். ஆதலின், கேட்க வேண்டிய சோதனை ‘அல்புமின் கிரியாட்டினின் விகிதம்’ என்பதாகும்.

கிரியாட்டினின் ஏன்? ஒரே அளவு தேயிலையில் நீரைக் கூட்டினாற் சாயம் வெளிறும், குறைத்தாற் கடுக்கும். சிறுநீரும் அத்தகையதே. குடித்த நீரின் அளவுக்கேற்ப அது ஐதாகும் அல்லது செறியும். தசைகளிலிருந்து வரும் கிரியாட்டினின் என்னும் கழிவோ ஏறக்குறைய ஒரே சீராக வெளியேறுவது. அதனோடு ஒப்பிட்டு அல்புமினை அளந்தால், நீரின் கலப்பு நம்மை ஏமாற்றாது. ஒரு கிராம் கிரியாட்டினினுக்கு 30 மில்லிகிராமுக்குக் குறைவான அல்புமின் இயல்பானது. 30 முதல் 300 வரை ஆரம்பப் பழுதின் எச்சரிக்கை. 300க்கு மேற்பட்டால் நோய் வளர்ந்துவிட்டது.

இன்னொன்றும் மறத்தலாகாது. அல்புமின் ஒழுகாமலே சிலருடைய சிறுநீரகம் தளர்வதுண்டு. மேற்கூறிய காரணம் தெரியாத நோயிலும், முதலிற் பழுதடைவது வடிக்கு அப்பாலுள்ள குழாய்ப் பகுதியாதலால், அல்புமின் ஒழுக்கு மிகக் குறைவாகவே இருக்கும். ஆகையால், சிறுநீர்ச் சோதனையுடன் குருதியிலுள்ள கிரியாட்டினினையும் பார்ப்பித்தல் வேண்டும். இரண்டும் இரு கண்கள் போன்றவை.

எப்பொழுது, எவ்வாறு?

நடுவயதிலும் முதுமையிலும் வரும் சலரோகத்துக்கு, நோய் தெரிந்த அன்றே முதற் சோதனை செய்யப்பட வேண்டும். அந்நோய் அறியப்படாமலே பல ஆண்டுகள் உடலில் இருந்திருக்கலாம். பெரும்பாலும் இளமையில் வரும், இன்சுலின் இன்றி வாழ இயலாத வகைக்கு, ஐந்து ஆண்டுகள் கழிந்தபின் தொடங்கலாம். இரு சாராருக்கும் அதன்பின் ஆண்டுக்கொரு முறை வேண்டும்.

காலையில் எழுந்தவுடன் கழியும் சிறுநீர் சிறந்தது. முதலில் வருவதைச் சிறிது விட்டு, இடையில் வருவதைச் சுத்தமான போத்தலில் எடுக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மாதவிடாய் ஆகியவை உள்ள நாட்களிலும், கடும் உழைப்புக்கு அடுத்த நாளிலும் அளவு பொய்யாகக் கூடும். அந்நாட்களைத் தவிர்த்தல் நன்று. ஒரு முறை கூடியிருந்தால் அஞ்ச வேண்டாம். மூன்று முதல் ஆறு மாதங்களுள் எடுக்கும் மூன்று சோதனைகளில் இரண்டு கூடியிருந்தாலே நோய் என்று கொள்வர்.

கண்டபின் செய்வது என்ன?

செய்யக் கூடியது நிறைய உண்டு. சீனியைக் கட்டுப்படுத்தல் முதலாவது. குருதி அமுக்கத்தைப் பெரும்பாலோருக்கு 130க்கு 80 என்ற அளவுக்குள் வைத்தல் இரண்டாவது. எனலாப்பிரில், லொசாட்டன் முதலிய மருந்துகள் அமுக்கத்தைக் குறைப்பதுடன் வடியின் ஒழுக்கையும் குறைக்கின்றன. லொசாட்டன் சலரோகியின் சிறுநீரகத்தைக் காக்கும் என்பது 2001இல் வெளிவந்த பெரும் ஆய்வொன்றால் உறுதியாயிற்று. சிறுநீர் வழியே சீனியை வெளியேற்றும் புதிய மருந்துகளும் இப்பொழுது உள்ளன. இவற்றை வைத்தியரே அளந்து தருதல் வேண்டும். எனலாப்பிரில், லொசாட்டன் இரண்டும் கர்ப்பிணிகளுக்கு ஆகா.

தவிர்க்க வேண்டியனவும் உள. இடுப்பு நோவு, மூட்டு நோவு என்று கடையில் வாங்கி நாள்தோறும் விழுங்கும் டைக்குளோபினாக், ஐபுபுறூபன் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைக் கெடுப்பன. மலைச்சரிவில் நாள் முழுதும் நின்று கொழுந்து பறிக்கும் பெண்கள் இதனை நன்கு மனத்திற் கொள்ளல் வேண்டும். சீனி குறையும் என்று நம்பிக் காமரங்காயையும் பிலிம்பிக்காயையும் பிழிந்து சாறாகக் குடிப்போர் உளர். அச்சாற்றிலுள்ள ஒட்சலேற்று சிறுநீரகத்திற் படிகமாகப் படிந்து அதனைப் பழுதாக்கியமையை இலங்கை வைத்தியர்கள் மருத்துவ ஏடுகளிற் பதிவு செய்துள்ளனர். உப்பைக் குறைப்பதும், புகைத்தலை விடுவதும் எல்லாருக்கும் பொருந்தும்.

ஒரு நாளா, நூறு நாளா?

இவ்வளவும் கேட்டபின், தோட்டத்து வீட்டில் ஒரு தாய் இவ்வாறு கேட்பாள்: “ஏன் தம்பி, எனக்கு ஒரு நோவும் இல்லையே. மூத்திரம் நல்லாத்தானே போகுது. அதுக்குப் போய் ஒரு பேரை விடணுமா?” பேர் என்பது தோட்டத்து வழக்கில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளம். அவள் கேட்பது நியாயமான கேள்வி. நாட்கூலியில் அடுப்பெரியும் வீட்டில் ஒரு நாள் என்பது சிறியதன்று.

அதற்குரிய விடையும் கணக்காகவே இருக்கட்டும். சிறுநீரகம் முற்றாகச் செயலிழந்தால், இயந்திரத்தின் மூலம் குருதியைச் சுத்திகரிக்க வேண்டும். பொதுவாக வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழ நான்கு மணி நேரம். ஆண்டுக்கு நூறு நாட்களுக்கு மேல் அதற்கே போய்விடும். அரசாங்க வைத்தியசாலையிற் சிகிச்சைக்குக் கட்டணம் இல்லாவிடினும், போக்குவரத்துக்கும், கூட வரும் மகனின் சம்பளத்துக்கும் யார் ஈடு செய்வார்? இன்று சோதனைக்கு விடும் ஒரு பேர், பின்னாளில் நூறு பேரைக் காக்கும் முதலீடாகும்.

ஆதலின், அடுத்த முறை கிளினிக் கொப்பியுடன் செல்லும்போது, “ஐயா, எனக்கு அல்புமின் பார்த்து எவ்வளவு காலம்?” என்று கேளுங்கள். எல்லாச் சிறு வைத்தியசாலைகளிலும் இச்சோதனையைச் செய்தல் இயலாது. அவ்வாறாயின், பெரிய வைத்தியசாலைக்கு எழுதித் தரும்படி வேண்டுங்கள். விடையைக் கொப்பியில் ஆண்டுடன் குறித்து வையுங்கள். வீட்டிற் படிக்கும் பிள்ளைகள் இப்பணியை ஏற்றுக்கொள்ளலாம். பாட்டனுக்கும் பாட்டிக்கும் அவர்கள் செய்யக்கூடிய தொண்டுகளுள் இது சிறந்ததாகும்.

மாத்தளை முத்துமாரியம்மனின் ஐந்து தேர்களும் மாசி மகத்தில் ஆண்டுக்கொரு முறை வீதிக்கு வருகின்றன. அம்மாதத்தையே நினைவுக் குறியாக வைத்துக்கொள்ளுங்கள். திருவிழா முடிந்து உறவினர் ஊர் திரும்பிய மறுவாரம், வீட்டிலுள்ள சலரோகியை அழைத்துக்கொண்டு சோதனைக்குப் புறப்படுங்கள். தேரை ஒரு போதும் தவறவிடாத நாம், இதனையும் தவறவிடலாகாது.