ஆமை முட்டையும் ஈர மணலும்



பறவை தீண்டி வளர்க்கும். மீன் நோக்கி வளர்க்கும். ஆமையோ தொலைவிலிருந்து நினைத்தே தன் முட்டைகளைப் பொரிக்கும் என்பர் நம் முன்னோர். குருவின் அருளை விளக்கச் சைவப் பெரியோர் எடுத்தாண்ட அழகிய உவமை இது. ஆனால், முட்டையிட்ட தாய் கடலுக்கு மீண்ட பின்னர், அவற்றை உண்மையில் வளர்ப்பது யாது? மணலும் அதன் ஈரமுமே.

வீராம்பட்டினம் போன்ற நம் கீழைக் கடற்கரைகளுக்குத் தை முதல் பங்குனி வரை ஒருவகைக் கடலாமை இரவில் வரும். பங்குனி ஆமை என்பது அதன் பெயர்களுள் ஒன்று. அலை எட்டாத மேட்டில், பின்கால்களால் ஏறத்தாழ 45 சென்டிமீட்டர் ஆழத்தில் குடம் போன்ற குழி தோண்டி, நூறளவு முட்டைகளை இட்டு மூடிச் செல்லும். 45 முதல் 60 நாள்களில் குஞ்சுகள் வெளிவரும்.

ஆசிரியப் பணியின் தொடக்கத்தில் நான் செய்த பிழையொன்றைக் கூறுகிறேன். ஒருநாள் காலை, மாணவன் ஒருவன் வாளி நிறைய ஆமை முட்டைகளைக் கொண்டுவந்தான். பள்ளித் தோட்டத்துக் களிமண்ணில் அவற்றைப் புதைத்தோம். நாள்தோறும் தவறாது நீர் ஊற்றினோம். இரண்டு திங்கள் கழித்துத் தோண்டினோம், அனைத்தும் அழுகியிருந்தன. அன்று அழுத அம்மாணவனுக்கு விடை கூற என்னால் இயலவில்லை. பின்னர்க் கற்றறிந்தேன்.

கோழி முட்டையின் ஓடு போன்றதன்று ஆமை முட்டையின் ஓடு. அது தோல் போன்று மெல்லியது. சுற்றியுள்ள மணலிலிருந்து நீரை ஈர்க்கும். காற்றையும் அதன் வழியே பெறும். மணல் துகள்களுக்கிடையே உள்ள சிறு வெளிகளில் ஈரமும் காற்றும் சேர்ந்திருத்தல் வேண்டும். மணல் உலர்ந்தால் முட்டை சுருங்கிவிடும். வெளிகளெல்லாம் நீரால் நிறைந்தால் கரு மூச்சுத் திணறி மடியும். கையில் அள்ளிப் பிடித்தால் மணல் உதிராமல் நிற்க வேண்டும். பிழிந்தால் நீர் சொட்டலாகாது. களிமண்ணோ நீரைத் தேக்கிக் காற்றை அடைத்துவிடும்.

மற்றொன்றும் உண்டு. கோழி தன் முட்டைகளைப் புரட்டிப் புரட்டி அடைகாக்கும். ஆமை முட்டையை அவ்வாறு புரட்டலாகாது. இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் மேற்புறத்தில் ஒட்டிக்கொள்ளும். பின்னர்ப் புரட்டினால் இறந்துவிடும். எங்கள் வாளியில் நேர்ந்ததும் அதுவே.

ஈரம் வெப்பத்தையும் மாற்றும். ஏறத்தாழ 30 பாகை செல்சியசுக்கு மேல் வெப்பம் மிகுந்தால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும். மழையில் நனைந்த மணல் குளிரும். வெயிலில் காய்ந்த மணல் சுடும். பிறப்போரில் ஆண் எத்தனை, பெண் எத்தனை என்பதையும் மணலே முடிவு செய்கிறது!

சென்னைக் கடற்கரையில் 1988 முதல் மாணவர்கள் இரவில் நடந்து ஆமைக் கூடுகளைத் தேடிக் காத்து வருகின்றனர். இட்ட சில மணி நேரத்துக்குள் முட்டைகளைப் புரட்டாமல் எடுத்து, காவலிடப்பட்ட பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் அதே வடிவக் குழி தோண்டி வைப்பர். மேற்பரப்பின் உலர்மணல் உள்ளே விழாமல், அடிமணலின் ஈரத்தோடு மூடுவர். பழைய முட்டை எச்சங்களில் பூசணம் வளருமாதலால், ஆண்டுதோறும் புதுமணலும் வேண்டும்.

இப்பணிக்கு வனத்துறையின் இசைவு தேவை. 1972 ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் இவ்வாமைகள் காக்கப்பட்டவை. நட்சத்திர ஆமையைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதும் குற்றமே.

மணலே இல்லாதவிடத்து என் செய்வது? 1980களில் புதுவைத் துறைமுக அலைத்தடுப்புச் சுவர்கள் எழுந்த பின்னர், அவற்றுக்குத் தெற்கே எங்கள் கரையில் மணல் சேர்ந்தது. வடக்கே கரை அரிக்கப்பட்டுப் பல ஆண்டுகள் கற்குவியலே காவலாயிற்று. கல்லில் ஆமை குழி தோண்டுவது எங்ஙனம்?

ஆகவே, ஆமைக் கூட்டைக் கண்டால் தோண்டாதீர்கள், வனத்துறையினர்க்கு அறிவியுங்கள். கடற்கரையில் விளக்கெரித்துக் குஞ்சுகளின் வழியை மாற்றாதீர்கள். அன்பு மட்டும் போதாது, அறிவும் உடன் வேண்டும் என்பதை எனக்குக் கற்பித்தவை அந்த நூறு முட்டைகள். அப்பாடத்தை நீங்கள் அவ்வளவு விலை கொடுக்காமலே கற்றுக்கொள்ளுங்கள்.